கான்கிரீட்டில் ஓர் ஆணி: தோட்டாவிலிருந்து காற்று வரை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

வாடகை வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடமா தெரியும்: "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க." ஹவுஸ் ஓனர் சொல்ல மறந்தாலும் சுவரே சொல்லிடும். செங்கல் சுவரா இருந்தா பூச்சு கொட்டும், ஆனா ஆணி எப்படியோ உள்ளே போயிடும். கான்கிரீட் தூணிலோ பீமிலோ சாதாரண ஆணியை வெச்சு அடிச்சுப் பாருங்க. நாலாவது அடியில் ஆணி கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு நிக்கும். சுவரில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான்.

அந்த வளைஞ்ச ஆணிதான் இன்னைக்கு எபிசோட். கான்கிரீட்டுக்குள் ஆணியைச் செலுத்த நூறு வருஷமா என்னென்ன செஞ்சு பார்த்திருக்காங்க, துப்பாக்கித் தோட்டாவில் ஆரம்பிச்சு கம்ப்ரசர் காற்று வரை எப்படி வந்து சேர்ந்தாங்க என்பது கதை. இதைப் படிக்க ஆரம்பிச்சப்போ ஏதோ கருவிகளோட வரலாறுன்னுதான் நினைச்சேன். படிக்கப் படிக்க வேற ஒண்ணு தெரிஞ்சது. கான்கிரீட் விட்டுக்கொடுக்காது. அதனால யாரோ ஒருத்தரோட உடம்பு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கு. கருவி மாறும்போது பெரும்பாலும் மாறினது, உடம்பில் எந்த இடம் என்பதுதான்.

முதல்ல, ஏன் வளையுது? மரத்தில் நார் இருக்கு. ஆணி உள்ளே போகும்போது நார்கள் விலகி இடம் கொடுக்கும், அப்புறம் திரும்பி வந்து ஆணியை இறுக்கிப் பிடிக்கும். கான்கிரீட்டில் நார் கிடையாது. சிமெண்ட், மணல், ஜல்லி எல்லாம் இறுகிப்போன ஒரு கல். அழுத்தினா எவ்வளவு வேணாலும் தாங்கும், இழுத்தா தாங்காது. அதன் இழுவிசை வலிமை, அழுத்த வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் உள்ளே கம்பி கட்டுறோம். சுத்தியலால் மெதுவாக, பல தடவை அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் ஆணியைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். ஆணியைப் பிடிக்க வேண்டிய பொருளே கீழே கொட்டிவிடும்.

பழைய வழி என்னன்னா, கான்கிரீட்டை ஏமாத்துறது. உளியால் ஒரு குழி வெட்டு, அதில் ஒரு மரக்கட்டையை ஆப்பு மாதிரி அடிச்சு இறக்கு, ஆணியை அந்தக் கட்டையில் அடி. ஆணியைப் பொறுத்தவரை அது மரத்தில்தான் இருக்கு. கட்டை காய்ஞ்சு சுருங்கினா எல்லாம் கழண்டு வரும், அது வேற விஷயம்.

இந்த ஏமாத்து வேலையை நேர்த்தியாக்கினவர் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற லண்டன்காரர். பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாதனங்களைச் சுவரில் பொருத்தணும், ஆனா சுவர் பாழாகக் கூடாது. (ஹவுஸ் ஓனர்கள் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.) 1911 வாக்கில் அவர் கண்டுபிடிச்சது, சணல் நாரைப் பசை போட்டு உருட்டிச் செஞ்ச ஒரு சின்னக் குழல். சுவரில் அளவான ஓட்டை போட்டு, குழலை உள்ளே தள்ளி, அதில் ஸ்க்ரூவை முறுக்கினா குழல் விரிஞ்சு ஓட்டையின் பக்கங்களை நெருக்கிப் பிடிச்சுக்கும். இன்னைக்கும் நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் "ராவல் பிளக் ஒரு பாக்கெட்" என்று கேட்கிறோமே, அந்த ராவல் இந்த ராலிங்ஸ்தான். 1958இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதையே நைலானில் செய்தார். அது "ஃபிஷர்" ஆச்சு. ஃபிஷரைப் பத்தித் தனியா ஒரு எபிசோட் போடலாம். ஆயிரத்து நூறுக்கு மேல காப்புரிமை வாங்கின மனுஷன். இப்போதைக்கு அவரை விட்டுட்டு நகருவோம்.

ஏன்னா இந்த வழியில் ஒரு சிக்கல் இருக்கு. ஓட்டை. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முதலில் ஓட்டை போட்டாகணும். நம்ம வீட்டில் நாலு ஓட்டைன்னா பரவாயில்லை. ஒரு பத்து மாடி ஆபீஸ் கட்டிடத்துக்குள்ள ஜிப்சம் தடுப்புச் சுவர் எழுப்பணும்னா? அந்தச் சுவரைத் தாங்குற தகரச் சட்டத்தைத் தரையோடும் கூரையோடும் அடிக்கு ஒண்ணு, ரெண்டடிக்கு ஒண்ணுன்னு பிணைக்கணும். அது ஆயிரக்கணக்கான ஓட்டை. ஓட்டை போடாமல், நேரா ஆணியையே உள்ளே அனுப்ப முடியாதா?

முடியும். ஒரே அடியாக, மிக வேகமாக அனுப்பினால்.

முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனில் ராபர்ட் டெம்பிள் என்பவர் வெடிமருந்தின் விசையில் ஆணியையும் போல்ட்டையும் செலுத்தும் கருவியை உருவாக்கினார். அவர் மனசில் இருந்தது கட்டிடம் இல்லை, கப்பல். நீருக்கடியில் கப்பலின் இரும்புத் தகட்டில் சுத்தியலை ஓங்கி அடிக்க முடியாது, தண்ணீர் விடாது. அதனால் தோட்டா. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்த யோசனை கட்டிட வேலைக்கு வந்து சேர்ந்தது. போர் முடிஞ்சு எங்க பார்த்தாலும் கட்டிடம் கட்டுறாங்க, நிறைய கான்கிரீட், நிறைய இரும்பு.

ஆரம்பகாலக் கருவிகளின் அமைப்பு எளிமையானது, பயங்கரமானது. பின்னால் குண்டு இல்லாத ஒரு தோட்டா. முன்னால் குழலுக்குள் கடினப்படுத்திய எஃகு ஆணி. தோட்டா வெடிக்கும், அந்த வாயு நேராக ஆணியைத் தள்ளும், ஆணி பறக்கும். யோசிச்சுப் பாருங்க, இது துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இல்லை. இது துப்பாக்கியேதான். குண்டுக்குப் பதில் ஆணி.

கெட்டியான கான்கிரீட்டில் அடிச்சா ஆணி உள்ளே போய் நிக்கும். ஆனா கருவியைப் பிடிச்சிருக்கிறவருக்குப் பூச்சுக்குப் பின்னால என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வெறும் பலகைச் சுவர்னா ஆணி துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும். அந்தப் பக்கம் ஒருத்தர் வேலை பார்த்துட்டு இருப்பார். கடினமான ஜல்லியிலோ கம்பியிலோ பட்டால் ஆணி உள்ளேயே வளைஞ்சு வேற பக்கமா வெளியே வரும். இப்படி அடிபட்டவங்களைப் பத்தி மருத்துவ இதழ்களில் கட்டுரைகளே இருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளுக்கு இந்த வேலைக்கும் தனக்கும் சம்பந்தம் இருக்குன்னுகூடத் தெரிஞ்சிருக்காது.

இங்கேதான் இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் லிக்டன்ஸ்டைன் என்று ஒரு குட்டி நாடு. மொத்தப் பரப்பே 160 சதுர கிலோமீட்டர்தான். அங்கே ஷான் என்ற ஊரில் மார்ட்டின் ஹில்ட்டி, ஆய்கன் ஹில்ட்டி என்ற சகோதரர்கள் 1941இல் ஒரு பட்டறை தொடங்கினாங்க. இன்னைக்குக் கட்டுமானத் துறையில் "ஹில்ட்டி" என்ற பேரைக் கேட்காமல் ஒருத்தர் வேலை பார்க்க முடியாது. 1950களின் பிற்பகுதியில் இந்த நிறுவனம் கொண்டுவந்த கருவிகளில் தோட்டாவுக்கும் ஆணிக்கும் நடுவில் ஒரு பிஸ்டன் இருந்தது. வெடிப்பு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஆணியைத் தள்ளும். பிஸ்டன் கருவியை விட்டு வெளியே வராது.

"இவ்வளவுதானா?" என்று தோணும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம், பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். ஐந்து கிராம் ஆணி, வினாடிக்கு 300 மீட்டர் வேகம்னு வெச்சுக்குவோம். அதன் ஆற்றல் 225 ஜூல். இப்போ அதே 225 ஜூலை நூறு கிராம் எடையுள்ள பிஸ்டனுக்குக் கொடுங்க. எடை அதிகம், அதனால் வேகம் குறையும், வினாடிக்கு 67 மீட்டர் வரும். கான்கிரீட் எதிர்த்து நிற்கும்வரை பிஸ்டன் முழு ஆற்றலோடு ஆணியை அழுத்திக்கிட்டே இருக்கும், அதனால் வேலை நடக்கும். ஆனா பின்னால் கான்கிரீட் இல்லாமல் ஆணி துளைச்சுக்கிட்டுப் போகுதுன்னு வைங்க. பிஸ்டன் கருவிக்குள்ளேயே நின்னுடும். தனியாகப் போற ஐந்து கிராம் ஆணியிடம் மிச்சம் இருக்கிறது சுமார் 11 ஜூல். இருபதில் ஒரு பங்கு.

எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கிட்டவை, ஆனா யோசனை இதுதான். முதல் வகை, வில்லில் இருந்து விட்ட அம்பு. விட்ட பிறகு யார் பேச்சும் கேட்காது. இரண்டாவது வகை, உளியின் தலையில் விழும் சுத்தியல். சுத்தியல் கையில்தான் இருக்கு. இன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு விதிமுறைகளில் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டாதவைதான் 'குறைவேக'க் கருவிகள் என்ற கோடு இருக்கு. சந்தையில் இன்னைக்குக் கிடைப்பதெல்லாம் கிட்டத்தட்ட அந்தக் கோட்டுக்குக் கீழேதான். நிஜமாகவே ஆபத்தைக் குறைத்த மாற்றம்னு ஒண்ணைக் காட்டச் சொன்னா நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆணி உள்ளே எப்படி நிக்குது என்பதையும் சொல்லிடணும். கூர்மையான, மிகக் கடினமான முனை ஒரே வீச்சில் உள்ளே போகும்போது கான்கிரீட்டைப் பெயர்த்து வெளியே தள்ளுவதில்லை, பக்கவாட்டில் நெருக்குது. அந்த நெருக்கம்தான் பிடி. உராய்வில் பிறக்கும் சூட்டில் முனைப் பகுதியில் எஃகும் கான்கிரீட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இதெல்லாம் நடக்கிறது வெறும் இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் ஆழத்தில். கான்கிரீட்டின் விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் அடிச்சா அந்த நெருக்கமே விளிம்பை உடைச்சுடும், அதனால் மூணு அங்குலமாவது தள்ளி அடி என்பது பொதுவான விதி.

அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண ஒரு சோதனை உண்டு. அதுக்குக் கருவியே வேண்டாம். அந்த ஆணியைக் கையில் பிடிச்சு சாதாரணச் சுத்தியலால் சுவரில் ஒரு தட்டு தட்டணும். ஆணி முனை மழுங்கினா சுவர் ரொம்பக் கடினம். சுவர் விரிசல் விட்டா ரொம்ப நொறுங்கல். ஆணி வெண்ணெயில் போற மாதிரி போனா ரொம்ப மெது. முனை அப்படியே இருந்து, சுவரில் தெளிவா ஒரு புள்ளி விழுந்தா, அப்போ அடிக்கலாம். எவ்வளவு நவீனமான கருவி வந்தும் இந்தச் சோதனை பயிற்சிக் கையேடுகளில் அப்படியே இருக்கு.

சரி, காற்று எப்போ வந்தது?

அழுத்தப்பட்ட காற்றால் கருவி ஓட்டுறது தோட்டாவை விடப் பழைய கதை. பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவில் ஆல்ப்ஸைக் குடைஞ்ச மோன் சனீ ரயில் சுரங்கப்பாதை வேலை 1857இல் தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லாம் கை உளிதான். 1861இல் ஜெர்மைன் சொமெய்யே என்ற பொறியாளர் காற்றில் இயங்கும் பாறைத் துளைப்பான்களை அங்கே கொண்டுவந்தார். வேலை வேகம் பிடிச்சது. 1871 செப்டம்பரில் பாதை திறந்தாங்க. சொமெய்யே அதைப் பார்க்கல, அதே வருஷம் ஜூலையில் இறந்துட்டார்.

காற்று நல்லது. தீப்பொறி இல்லை, புகை இல்லை. ஆனா காற்றுத் துளைப்பான் வேகமாகத் துளைக்கும்போது வேகமாகத் தூசியும் கிளப்பும். 1930இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் ஒரு நீர்மின் திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டினாங்க. சிலிக்கா மிகுந்த பாறை. தண்ணீர் தெளிச்சுத் துளைச்சா தூசி அடங்கும், வேலை மெதுவாகும். உலர்வாகவே துளைச்சாங்க. தொழிலாளர்களில் பெரும்பாலோர் தெற்கு மாநிலங்களில் இருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவர்கள். நூற்றுக்கணக்கானோர் நுரையீரல் இறுகிச் செத்தாங்க. சிலிகோசிஸ் என்ற சொல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஏறியது இந்தச் சாவுகளால்தான்.

இது நம்ம ஆணிக் கதைக்கு வெளியே இல்லை. உங்க பக்கத்து ஃப்ளாட்டில் ட்ரில் ஓடும்போது பறக்குதே வெள்ளைத் தூசி, அதிலும் இருப்பது அதே சிலிக்காதான். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016இல் புது விதி போட்டது. எட்டு மணி நேர வேலையில் ஒரு கனமீட்டர் காற்றில் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கக் கூடாது. ஓட்டையே போடாமல் ஆணி அடிக்கிற கருவிக்கு இருக்கிற பெரிய நியாயம் இங்கேதான் இருக்கு. ஒரு வாழ்நாளில் லட்சம் ஓட்டை போடுகிறவருக்கு அது நுரையீரல் விஷயம்.

காற்றில் ஆணி அடிக்கும் நெய்லர் அமெரிக்காவில் 1950 வாக்கில் வந்தது, மர வீடுகளுக்காக. உள்ளே நடப்பது நம்ம பிஸ்டன் கதையேதான். டிரிகரை அழுத்தினா வால்வு திறக்கும், கம்ப்ரசரில் இருந்து ஹோஸ் வழியா வந்து காத்திருக்கும் காற்று பிஸ்டன் தலையில் இறங்கும், பிஸ்டனோட ஒட்டியிருக்கும் நீளமான எஃகுத் தண்டு ஆணியை அடிக்கும். விட்டா பிஸ்டன் மேலே திரும்பும், அடுத்த ஆணி வரிசையில் தயாரா இருக்கும். கார் டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். இந்தக் கருவிக்கு 70 முதல் 120 வேணும்.

மரத்துக்கு அது தாராளம். கான்கிரீட்டுக்கு இழுபறி. அதனால் கான்கிரீட்டுக்கான காற்று நெய்லரில் ஆணி குட்டை, பருமன், கடினம். புதுசா போட்ட, இன்னும் முழுசா இறுகாத கான்கிரீட்டில் அழகா வேலை செய்யும். பழசாகி இறுகின கான்கிரீட்டில் சில ஆணி நிக்கும், சிலது தெறிக்கும். ஜப்பானிய நிறுவனங்கள் இதுக்குன்னே இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் இயங்கும் தனிக் கம்ப்ரசர், தனி ஹோஸ், தனி நெய்லர்னு ஒரு குடும்பமே செஞ்சாங்க. எதுவானாலும் இந்த ஆணிகள் தகரச் சட்டம், மரப் பட்டை, ஒயர் கிளிப் மாதிரி லேசான சமாச்சாரத்துக்குத்தான். ஒரு ஆணி விட்டாலும் பக்கத்து ஆணிகள் தாங்கணும் என்ற கணக்கில்தான் அடிக்கிறாங்க. சீலிங் ஃபேனை இதில் தொங்க விடுற யோசனை யாருக்காவது இருந்தா, தயவுசெஞ்சு வேண்டாம்.

இப்போ காற்றுக் கருவியின் ஆபத்துக்கு வருவோம். தோட்டாக் கருவியைப் பார்த்தவுடனே பயம் வரும். வெடிச் சத்தம், புகை, பலத்தைக் காட்டும் வண்ணத் தோட்டாக்கள். அமெரிக்காவில் பயிற்சி பெறாதவர் அதைத் தொடக் கூடாது என்று விதி. சுவரில் வைத்து, கருவியின் எடைக்கு மேல் ஐந்து பவுண்டாவது அழுத்தினால்தான் வெடிக்கும் என்றும் விதி. எல்லாரும் அதைத் துப்பாக்கியாகப் பார்த்ததால் துப்பாக்கிக்கான மரியாதை கிடைச்சது. காற்று நெய்லருக்கு அந்த மரியாதை கிடைக்கல என்பது என் அபிப்ராயம். பார்க்க ட்ரில் மாதிரி இருக்கு, கடையில் யார் வேணாலும் வாங்கலாம்.

அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை நெய்லர் காயத்தோட அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் வருஷத்துக்குச் சராசரியாக சுமார் 37,000 பேர். அதில் 40 சதவீதம் பேர் தொழிலாளர்கள் இல்லை, வீட்டில் சொந்த வேலை பார்த்தவங்க. எல்லா வகை நெய்லரும் இந்தக் கணக்கில் சேரும், பெரும்பாலும் மரவேலை. காயம் அதிகமும் கையில், விரலில்.

காரணங்களில் பெரியது டிரிகர். நெய்லரின் மூக்கு ஒரு பரப்பில் அழுந்தினால்தான் ஆணி வரும், அது பொது. ஆனா டிரிகர் இரண்டு வகை. ஒரு வகையில் ஒவ்வொரு ஆணிக்கும் முதலில் மூக்கை அழுத்தணும், பிறகு டிரிகரை அழுத்தணும், விடணும். இன்னொரு வகையில் டிரிகரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே மூக்கைத் தட்டித் தட்டிப் போகலாம், தட்டுற இடத்தில் எல்லாம் ஆணி. வேகம். ஆனா ஒவ்வொரு அடிக்கும் கருவி எகிறும். எகிறித் திரும்பி விழும்போது மூக்கு எதில் பட்டாலும் ஆணி. அது தொடையாகவும் இருக்கலாம்.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெஸ்டர் லிப்ஸ்காம்பும் அவர் குழுவும் செயின்ட் லூயிஸ் பகுதியில் தச்சு பழகும் இளைஞர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தாங்க. பெரும்பாலும் உங்க வயசுப் பசங்க. தட்டித் தட்டிப் போகும் டிரிகரில் காய அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிஞ்சது.

"வேகம் வேணுமே, என்ன பண்றது?" என்பதுதான் எப்பவும் வரும் பதில். அந்த வேகத்தையும் அளந்து பார்த்திருக்காங்க. அனுபவமுள்ள தச்சர்களை இரண்டு டிரிகராலும் ஒரே மாதிரியான மரக் கட்டமைப்பைக் கட்டச் சொன்னாங்க. ஆணி அடிக்கும் நேரத்தில் தட்டும் டிரிகர் சராசரியாகப் பத்து சதவீதம் வேகம். ஆனா கட்டும் வேலை முழுசுக்கும் ஆன நேரத்தில் அந்த மிச்சம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அளக்கிறது, அறுக்கிறது, தூக்கி வைக்கிறது, இதில்தான் நேரம் போகுது. டிரிகரைவிட ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் பெரிசா இருந்தது. அந்த ஒரு சதவீதத்துக்காக யாரோட விரலைப் பணயம் வைக்கிறோம் என்று கேட்டா, கேட்கிற இடத்தில் இருக்கிறவரும் பணயம் வைக்கிற இடத்தில் இருக்கிறவரும் ஒரே ஆள் இல்லை.

அமெரிக்காவில் 2002இல் வந்த ஒரு தன்னார்வத் தரநிலை, பெரிய நெய்லர்களைப் பாதுகாப்பான டிரிகரோடு விற்கச் சொன்னது. 2011இல் ஓஷாவும் நியோஷ் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு கையேடு போட்டாங்க. அதில் முதல் அறிவுரையே இந்த டிரிகர்தான். கட்டாயம் இல்லை, அறிவுரை. மற்ற டிரிகர் பல கருவிகளுக்கு உதிரிபாகமாகக் கிடைக்கும். கழட்டி மாட்ட சில நிமிஷம் போதும்.

இப்போ ஹோஸும் போய்க்கிட்டு இருக்கு. 1986இல் பாஸ்லோட் நிறுவனம் வாயுக் குப்பியில் இயங்கும் கம்பியில்லா நெய்லரைக் கொண்டுவந்தது. அதன் பிறகு கான்கிரீட்டுக்கும் அதே வகைக் கருவிகள் வந்தன, இப்போ பேட்டரியிலும் வருது. டிரிகர் மட்டும் அதே இரண்டு வகைதான். சில மாடல்களில் ஒரு சின்ன ஸ்விட்சைத் திருப்பினா ஒண்ணு இன்னொண்ணா மாறிடும்.

அடுத்த வாரம் இதே கட்டிடத்தில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறுவோம், லிஃப்ட் பத்திப் பேசலாம்.